காதல் பாட்டுக்குள் அப்பா எப்படி வந்தார்?

கேட்டவர் மேலூர்ப் பக்கம் பிறந்து ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு பெண். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: "அப்பா டிவிஎஸ் 50-ல் என்னை முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். வழியெல்லாம் 'கண்ணே கலைமானே'தான். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் என் நிச்சயதார்த்தத்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள், அழுதுவிட்டேன். கட்டிக்கப் போகிறவர், 'இது லவ் சாங்தானே, இதுக்குப் போய் அப்பாவ நெனச்சு அழுகுறியே' என்றார். நான்தான் பாட்டைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறேனா? அர்த்தம் பாட்டிலேயே இருக்கிறதா, நாமாக ஏற்றிக்கொள்வதா? கல்யாணத்தில் அந்தப் பாட்டே வேண்டாம் என்று சொல்லிவிடவா?"

அம்மா, நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மாப்பிள்ளை சொன்னதும் தப்பில்லை. இரண்டும் எப்படி ஒரே பாட்டில் இருக்க முடியும் என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குக் கொஞ்சம் சுற்றி வந்துதான் பதில் சொல்ல முடியும்.

நான் 1986-லிருந்து 2003 வரை மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். வெற்று கேசட்டும் பாட்டுச் சிட்டையும் கொண்டுவந்து கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து, அட்டையில் வரிசையாகப் பாட்டின் முதல் அடியை எழுதிக் கொடுப்பேன். பூ மார்க்கெட் வியாபாரிகள், சௌராஷ்டிர நெசவுக்காரர்கள், மருத்துவக் கல்லூரிப் பையன்கள், வளைகுடாவுக்கு விமானம் ஏறப்போகும் ராமநாதபுரத்துக்காரர்கள் என்று எல்லாரும் வருவார்கள். சிட்டையைப் பார்த்தே ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். முதல் வருஷத்திலேயே ஒன்று தெரிந்துபோனது. பாட்டுக் கேட்பவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார், எந்தக் கட்டத்தில் பாடுகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கேட்டதில்லை. டைரக்டர் கவிஞருக்குச் சொன்ன சூழ்நிலை தியேட்டரோடு நின்றுவிடும். கேசட்டுக்கு வருவது மெட்டும் வார்த்தையும்தான். சூழ்நிலை காலியாக இருக்கும் அந்த இடத்தில் கேட்பவர் தன் வீட்டைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

ஒருவர் சிட்டையில் 'கண்ணே கலை' என்று தொடங்கி அடுத்து ஒரு பெண்ணின் பெயர் வருகிற மாதிரி எழுதியிருந்தார். அப்படி ஒரு பாட்டு இல்லையே, 'கலைமானே'யா என்றேன். இல்லை, நான் எழுதியதுதான் சரி என்று சாதித்தார். பிறகுதான் புரிந்தது: அவர் மகள் பெயர் 'கலை' என்று தொடங்குகிறது. தொட்டிலில் போட்ட நாளிலிருந்து அந்தப் பெயரை வைத்தே பாடிப் பாடி, மூலமே அதுதான் என்று மனசில் விழுந்துவிட்டது. பதிந்து போட்டுக் காட்டியதும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கேசட்ல தப்பா இருக்கு தம்பி" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

இனி உங்கள் பாட்டுக்கு வருவோம். 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை' படத்தில் உள்ளது. கண்ணதாசன் எழுதிய கடைசித் திரைப்பாடல் என்று சொல்லப்படுவது. அவர் 1981 அக்டோபரில் சிகாகோவில் இறந்தார், படம் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இளையராஜா இசை, ஜேசுதாஸ் குரல். படத்தில் அந்தப் பெண் விபத்தில் நினைவு தப்பி, சின்னக் குழந்தையின் மனசோடு இருப்பவள். அவளைக் காப்பாற்றி வைத்திருக்கும் வாத்தியார் அவளைத் தூங்க வைக்கப் பாடுகிறார். அவர் அவளுக்குக் காதலனா, அண்ணனா, தாயா என்று படமே தீர்மானமாகச் சொல்லாமல் விட்டிருக்கும் கட்டம் அது. சந்தேகமிருந்தால் பல்லவி முடிந்ததும் வருவதைக் கேளுங்கள்: 'ராரிராரோ, ஓராரிரோ.' அது நம் ஊர்த் தொட்டில் பாட்டின் அடையாளம். எந்தக் காதலன் காதலிக்கு ஆராரோ பாடுவான்? ஆக உங்கள் அப்பா செய்தது பாட்டைத் திரித்தது ஆகாது. அதற்குள் ஏற்கெனவே கிடந்த தாலாட்டை எடுத்து டிவிஎஸ்ஸில் வைத்து ஓட்டினார், அவ்வளவுதான்.

ஆனால் மாப்பிள்ளை பக்கமும் பேச வேண்டும். அதே பாட்டில் 'காதல் கொண்டேன்' என்று தெளிவாகவே வருகிறது. இந்தச் சொல்லைத்தான் நாம் இன்று சினிமாப் போஸ்டர் அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறோம். சம்பந்தர் 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்று பாடியது சிவனைப் பார்த்து. கம்பர் மகனையே காதலன் என்று சொல்வார். அந்தப் பழைய அகலத்தில் வைத்துப் பார்த்தால், ஆறு வயது மகளை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் 'காதல் கொண்டேன்' என்று முணுமுணுப்பதில் ஒரு இடறலும் இல்லை. கண்ணதாசனுக்குச் சம்பந்தரும் தெரியும், கம்பரும் தெரியும்.

இன்னொரு விஷயம் தமிழிலேயே இருக்கிறது. 'அவன்', 'அவள்' என்றால் ஆணா பெண்ணா என்று மாட்டிக்கொள்வோம். 'நீ' என்றால் மாட்டிக்கொள்ள மாட்டோம். 'வந்தாய்', 'போனாய்', 'மறந்தாய்' எதிலும் ஆண், பெண் கிடையாது. வயசு கிடையாது, உறவு கிடையாது. சாமியைக் கூப்பிட்டாலும் 'நீ', செத்தவரைக் கூப்பிட்டாலும் 'நீ'. அதனால்தான் நம் பாட்டுகளில் முக்கால்வாசி 'நானும் நீயும்' என்று ஓடுகின்றன. அந்த 'நீ'யில் யாரை உட்கார வைப்பது என்பது கேட்பவர் பாடு.

நம் பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு ஒரு விதி வைக்கிறது: 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்.' அகப்பாட்டில் இன்னார் என்று பெயர் சொல்லக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கல்லூரியில் இதைப் படித்தபோது ஏதோ வறட்டு இலக்கணம் என்று நினைத்தேன். கடையில் உட்கார்ந்த பிறகுதான் இது எவ்வளவு அனுபவத்தில் வந்த விதி என்று உறைத்தது. பெயர் இருந்தால் அது அந்தப் பெயருக்குரியவரின் கதை. பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் பொருந்தும்.

இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு உதாரணமே மதுரைதான். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்று ஒன்று. நக்கீரர் பாடியது, 188 அடி. அரண்மனையில் கட்டிலில் பிரிவோடு கிடக்கும் அரசி, போர்ப் பாசறையில் வாடைக் காற்றில் தூங்காமல் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு திரியும் அரசன். பெயர் எங்குமே இல்லை, முழுக்க அகப்பாட்டு போலத்தான் போகிறது. கடைசிப் பக்கம் ஒரு வேல் வருகிறது. அதன் தலையில் வேப்பம் பூ கட்டியிருக்கிறது என்கிறார் நக்கீரர். வேம்பு பாண்டியனின் பூ. அந்த ஒரு பூவினால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் ஆகாது, புறம்தான் என்று உரையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார் நச்சினார்க்கினியர். அவரும் மதுரைக்காரர்தான். தன் ஊர் ராஜாவின் பாட்டாயிற்றே என்று விட்டுக்கொடுக்கவில்லை! ஒரு வேப்பம் பூ போதும், பாட்டின் கதவைச் சாத்திவிடும்.

சரி, கதவு திறந்திருக்கும் பாட்டு எவ்வளவு தூரம் போகும்? உங்கள் மேலூரிலிருந்து அதிக தூரமில்லை, சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை இருக்கிறதே, போயிருப்பீர்கள். அதுதான் பாரியின் பறம்பு மலை என்று சொல்கிறார்கள். மூவேந்தர் முற்றுகையில் பாரி இறந்த பிறகு அவன் மகள்கள் இருவரும் பாடியதாகப் புறநானூற்றில் 112-ஆம் பாட்டு இருக்கிறது. மொத்தமே ஐந்து அடி. 'அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில்' எங்கள் அப்பாவும் இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது. 'இற்றைத் திங்கள் இவ்வெண்ணிலவில்' மலையையும் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. இவ்வளவுதான் சேதி. அழுகை என்ற சொல்கூட அதில் இல்லை.

1997-ல் 'இருவர்' படத்துக்கு வைரமுத்து எழுதிய 'நறுமுகையே' பாட்டில் 'அற்றைத் திங்கள் அந்நிலவில்' என்று அதே அடி திரும்ப வருகிறது. இந்த முறை குளத்தில் நீராடும்போது ஒருவன் பார்த்த பார்வையைப் பற்றிய காதல் பாட்டாக. அப்பனை இழந்த மகள்களின் நிலா காதலர்களின் நிலாவாகிவிட்டது. அந்தப் பாட்டு வந்த சமயம் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் வாத்தியார் கடைக்கு வந்து, "பாரி மகளிர் பாட்டக் கொண்டுபோய் டூயட்டாக்கிட்டானுகளே" என்று அரைமணி நேரம் புலம்பினார். கடைசியில் அதையே முதல் பாட்டாகப் போட்டுப் பதியச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது உங்கள் சங்கதியைப் பாருங்கள். அங்கே அப்பாவுக்காக அழுத பாட்டு காதல் பாட்டானது. உங்களிடம் காதல் பாட்டு அப்பாவுக்காக அழும் பாட்டாகியிருக்கிறது. அந்த அடி வந்த வழியிலேயே திரும்பிப் போயிருக்கிறீர்கள். அடுத்த முறை பிரான்மலைக்குப் போனால் அந்த ஐந்து அடியையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு உரை தேவைப்படாது.

'நாமாக ஏற்றிக்கொள்வதா' என்று கேட்டீர்கள். ஏற்றிக்கொள்வதும்தான். அதைச் சின்ன விஷயம் போலச் சொல்ல வேண்டாம். நம் கிராமத்துச் சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டிருப்பீர்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டு அழுவார்கள். முதல் பத்து நிமிஷம் செத்தவரைச் சொல்லி அழுகை. அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தன் புருஷன், தன் அண்ணன், தவறிப்போன தன் பிள்ளை என்று இறங்கிவிடுவார்கள். மெட்டு ஒன்றுதான், சேதி மட்டும் மாறும். யாரும் "நீ ஏன் உன் வீட்டுச் சாவைக் கொண்டுவந்து இங்க அழுகுற" என்று கேட்பதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அழ இடம் கொடுப்பது அந்த முறை.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று. நீங்கள் அந்தப் பாட்டைப் படத்தில் பார்த்துவிட்டு அப்பாவுக்கு மாற்றிக்கொள்ளவில்லை. வார்த்தை புரியாத வயசில், தலைக்கு மேலேயிருந்து வந்த அப்பா குரலில்தான் முதலில் கேட்டீர்கள். டிவிஎஸ்ஸில் முன்னால் நின்று போன பிள்ளைகளுக்குத் தெரியும்: பாட்டு காதில் கேட்பதற்கு முன்னால் முதுகில் கேட்கும், அப்பாவின் நெஞ்சு அதிர்வதால். உங்களுக்கு மூலம் அதுதான். கமல்ஹாசனும் ஊட்டிக் குளிரும் பின்னால் வந்த உரை.

எல்லாப் பொருள் ஏற்றமும் நல்லது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வகையை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

ஒன்று, 'எனக்கு இப்படிப் படுகிறது' என்பதைத் தாண்டி 'கவிஞர் இதற்காகத்தான் எழுதினார்' என்று கதை கட்டுவது. இன்னாருக்கும் இன்னாருக்கும் சண்டை, அதனால் இந்த வரி. கடன்காரன் வாசலில் நின்றான், அதனால் அந்த வரி. கேட்க ருசியாக இருக்கும். பெரும்பாலும் ஆதாரம் இருக்காது. மெட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு வார்த்தை கேட்கிற இடத்தில், இந்த இடத்தில் நெடில் விழ வேண்டும், அந்த இடத்தில் மெல்லின ஓசை வேண்டும் என்றுதான் பல சொல் வந்து உட்காரும். அதில் போய் வாழ்க்கை வரலாறு தேட வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிராக நடந்துகொண்ட ஒருவரைச் சொல்கிறேன். சிம்மக்கல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார், எழுபதைத் தாண்டியவர். 'குறையொன்றுமில்லை' பாட்டை வருஷத்துக்கு ஒரு தடவை புது கேசட்டில் பதிந்து வாங்குவார், பழையது தேய்ந்துவிடும். ராஜாஜி எழுதியது, பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமி மதுரையில் பிறந்தவர். 'திரையின்பின் நிற்கின்றாய் கண்ணா' என்ற இடம் வந்ததும் பெரியவர் கையை உயர்த்துவார், நாங்கள் பேச்சை நிறுத்த வேண்டும். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி கோவிலுக்குள் போனாரே, அப்போது ராஜாஜிதான் மாகாணப் பிரதமர். தன் சனத்துக்குக் கோவில் கதவு திறந்தது அன்றைக்குத்தான் என்றார் பெரியவர். "எங்க அய்யன் வெளிய தெருவுல நின்னே கும்பிட்டுச் செத்துப்போனாரு. எனக்கு அந்தத் திரை அந்தக் கதவுதான் தம்பி." ராஜாஜி அதை நினைத்துத்தான் எழுதினார் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. 'எனக்கு' என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லில் இருந்த நாணயத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது வகை கொஞ்சம் சங்கடமானது. ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று இருக்கும், 60 நிமிஷ கேசட் கொடுத்து இரண்டு பக்கமும் ஒரே பாட்டைப் பதியச் சொன்னான். பக்கத்துக்கு முப்பது நிமிஷம், நாலரை நிமிஷப் பாட்டு, பக்கத்துக்கு ஆறு தடவை. என்ன பாட்டு என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, விடுங்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு காதுகளையும் என் எதிரிலேயே உடைத்தான், யாரும் மேலே வேறு பாட்டைப் பதிந்துவிடக் கூடாதாம். அப்புறம் அவனை அண்ணா பஸ் நிலையத்தில் ஒரு தடவை பார்த்தேன், காதில் ஹெட்போன், ஆள் பாதியாகியிருந்தான். அவனுக்கு அந்தப் பாட்டு ஆறுதலாக இல்லை, புண்ணைச் சொறிகிற நகமாக இருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து அதே கேசட்டைக் கொண்டுவந்து, இதில் வேறு பாட்டுப் போட முடியுமா அண்ணே என்றான். உடைந்த ஓட்டையில் செலோடேப்பை ஒட்டினால் முடியும் என்றேன். ஒட்டிக் கொடுத்தேன். ஏ பக்கத்தில் மட்டும் பதியச் சொன்னான், பி பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றான். அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

உங்களுடையது இந்த ரகமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பாட்டுக் கேட்டு அழுது முடித்ததும் மனசு லேசாகிறதா, அன்றைக்கு முழுக்க வேலை ஓடாமல் போகிறதா? முதலாவது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு வேலை செய்து பாருங்கள். பாட்டை ஓடவிடாமல், வரிகளை மட்டும் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். போனில் தட்ட வேண்டாம். மெட்டு கூட இல்லாதபோது வார்த்தைகள் வேறு மாதிரி நிற்கும், சில வரி சப்பென்று இருக்கும், சில வரி குத்தும். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போடுங்கள். நான் இப்படி எழுதியபோது எனக்குப் பேனா நின்றது 'ஊமை என்றால் ஒருவகை அமைதி' என்ற இடத்தில். அதன் கதை வேறு, இங்கே வேண்டாம். உங்களுக்கு ஒருவேளை வார்த்தையே இல்லாத ராரிராரோவில் நிற்கலாம்.

அந்தத் தாளை மாப்பிள்ளையிடம் காட்டுங்கள். விளக்கம் சொல்லி ஜெயிக்க வேண்டாம், டிவிஎஸ் கதையை மட்டும் சொல்லுங்கள். நிச்சயதார்த்தத்தில் அவர் கேட்டது தெரியாமல் கேட்டதுதான். அவருக்கும் இப்படி ஒரு பாட்டு இருக்கும், அது என்னவென்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகம், நகை, மண்டபம் என்று எத்தனையோ பேசுகிறோம், இதையும் ஒரு நாள் பேசிவிடலாம்.

கல்யாணத்தில் போட வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று வந்தால்தான் நெஞ்சை அடைக்கும். ஸ்பீக்கரில் போடுவதைவிட நாயனக்காரரிடம் சொல்லி வாசிக்க வைப்பது நல்லது. நம் பக்கத்து நாயனக்காரர்களுக்கு இளையராஜா பாட்டெல்லாம் விரல் நுனியில் இருக்கும். நாயனத்தில் வார்த்தை கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் அதைக் காதல் பாட்டாகக் கேட்கட்டும், நீங்கள் கேட்கிறதைக் கேளுங்கள். தாலி கட்டுகிற நேரத்தில் வேண்டாம், அப்போது கெட்டிமேளம்தான். அப்பா படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டு மணமேடைக்குக் கிளம்புவீர்கள் இல்லையா, அந்த ஐந்து நிமிஷம் சரியாக இருக்கும். சொந்தக்காரர்களில் ஒருவரிடம் இதை முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள். கண் மை போடுகிற பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், தண்ணீர் பட்டாலும் கலையாத மையாகப் போடச் சொல்லி.